ஸ்பானிய மொழியில் பி.ஏ. ஹானர்ஸ்: விண்ணப்பம் முதல் முதலாண்டு இறுதி வரை

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஸ்பானிய மொழியில் பட்டம் படிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இந்தச் செய்முறை. முதலாண்டில் எழுத்திலிருந்து தொடங்கி மொழியைச் சொல்லித் தருவார்கள். அதன்பின் அந்த மொழியே பாடமொழி ஆகிவிடும். ஸ்பெயினின் 1936–39 உள்நாட்டுப் போர், 1975இல் சர்வாதிகாரி பிராங்கோ இறந்தபின் வந்த ஜனநாயகம், லத்தீன் அமெரிக்க நாடுகளின் விடுதலை, இலக்கியம், மொழிபெயர்ப்பு என எல்லாவற்றையும் ஸ்பானிய மொழியில் படித்து, ஸ்பானிய மொழியிலேயே தேர்வு எழுத வேண்டும். முதலாண்டில் மொழி கைக்கு வராதவர்கள்தான் பின்னால் திணறுகிறார்கள்.

படி 1: இடமும் விண்ணப்பமும்

டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லி பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இந்தப் பட்டம் உண்டு. நான்கும் மத்தியப் பல்கலைக்கழகங்கள். தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. சேரும்போது ஸ்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

டெல்லியில் உள்ள மூன்றுக்கும் கியூட் என்ற பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. கியூட் படிவத்தில் தேர்ந்தெடுத்த தாள்கள், பல்கலைக்கழகம் கேட்கும் தாள்களோடு பொருந்தாமல் போவது ஒன்று. அந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டைப் படித்துவிட்டு, அதன் பிறகே தாள்களைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, கியூட் எழுதியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் தனியாகப் பதிவு செய்தால்தான் உங்கள் மதிப்பெண் அங்கே கணக்கில் வரும்.

படி 2: முதல் இரண்டு வாரம் ஒலிக்கு

ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானிய ஒலிகளைப் பிடிக்க முயல வேண்டாம், தமிழ் வழியே இன்னும் நேரானது. ஆங்கிலச் சொற்களில் 'ட' போட்டுப் பழகிய நாக்கு இங்கும் 'ட'வுக்கே போகும். ஸ்பானிய மொழியில் அது பல்லைத் தொடும் 'த'. 'எல்லாம்' என்ற பொருளில் வரும் 'தோதோ'வைச் சொல்லிப் பாருங்கள். முதல் 'த' அழுத்தமாக, இரண்டாவது 'அது' என்பதில் வருவதுபோல் மென்மையாக இருக்க வேண்டும்.

தமிழ்ப் பழக்கம் இடறும் இடமும் உண்டு. உயிரொலிகளுக்கு நடுவே வரும் வல்லினத்தை நாம் தானாகவே மென்மையாக்கிவிடுவோம். வாயைக் குறிக்கும் 'போகா'வில் வரும் ககரம் 'பக்கம்' என்பதில் உள்ளதுபோல் அழுத்தமாக ஒலிக்க வேண்டும், ஆனால் இரட்டிக்கக் கூடாது. 'பெரோ' என்றால் 'ஆனால்'. நாக்கை உருட்டி 'பெர்ரோ' என்றால் நாய். சொல்லின் முதலில் வரும் ரகரத்தையும் உருட்டியே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அசையழுத்தம். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறுவதில்லை, அதனால் நம் காது அதைக் கவனிப்பதே இல்லை. 'ஆப்லோ'வில் முதல் அசையை அழுத்தினால் 'பேசுகிறேன்', கடைசி அசையை அழுத்தினால் 'பேசினார்'. விதி எளியது: உயிரொலியிலோ 'ன்', 'ஸ்' ஒலிகளிலோ முடியும் சொல்லில் கடைசிக்கு முந்தைய அசைக்கு அழுத்தம், மற்றவற்றில் கடைசி அசைக்கு. இதற்கு மாறாக வந்தால் எழுத்தின்மேல் கோடு இருக்கும். தினமும் பத்து வரியை உரக்கப் படித்துக் கைபேசியில் பதிவு செய்து, மூல ஒலியோடு ஒப்பிடுங்கள்.

படி 3: வினைச்சொற்கள்

'பேசுகிறேன்' என்றாலே 'நான்' அதில் இருக்கிறது. ஸ்பானிய மொழியிலும் அப்படியே: ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லாயிஸ், ஆப்லான் (பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார், பேசுகிறோம், பேசுகிறீர்கள், பேசுகிறார்கள்). ஆகவே ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ' (நான்) போட வேண்டாம். அது ஆங்கிலத்திலிருந்து ஒட்டிக்கொள்ளும் பழக்கம். முதல் மாதத்திலேயே ஒழுங்கற்ற வினைகளில் செர், எஸ்தார், இர், தெனேர், அசேர், போதேர், கெரேர், தெசிர், வெனிர், சபேர் என்ற பத்தையும் நிகழ்காலத்தில் தடையின்றிச் சொல்லப் பழகுங்கள்.

'மே குஸ்தா எல் கஃபே' என்பது அப்படியே 'எனக்குக் காபி பிடிக்கும்'. 'மே துவேலே லா கபேசா' என்பது 'எனக்குத் தலை வலிக்கிறது'. ஆங்கிலம் பேசுபவர்கள் வாரக்கணக்கில் போராடும் இந்த அமைப்பு நமக்குச் சொந்தமானது. ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: பிடித்தவை பலவானால் வினையும் பன்மையாகும். 'மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்', எனக்குப் புத்தகங்கள் பிடிக்கும்.

'செர்', 'எஸ்தார்' இரண்டும் 'இருத்தல்'தான். நிரந்தரம் என்றால் முதலாவது, தற்காலிகம் என்றால் இரண்டாவது என்று பலர் சொல்லித் தருவார்கள். அந்த விதியை நம்ப வேண்டாம். மாட்ரிட் ஸ்பெயினில் இருப்பது நிரந்தரம்தான், ஆனால் அங்கே வருவது 'எஸ்தார்'. ஒருவர் இறந்த நிலையில் இருக்கிறார் என்பதற்கும் அதுவே. 'விழா என் வீட்டில்' என்றால் 'செர்' வரும். பொருளோ ஆளோ எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்றால் 'எஸ்தார்'. அது என்ன, யார், நிகழ்ச்சி எங்கே நடக்கிறது என்றால் 'செர்'. இப்படிப் பிரித்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. அதற்குத் தமிழ் உதவாது. எந்தப் பெயர்ச்சொல்லையும் அதற்கு முன்னால் வரும் 'எல்' (ஆண்பால்) அல்லது 'லா' (பெண்பால்) என்பதோடு சேர்த்தே குறிப்பேட்டில் எழுதுங்கள்: லா மேசா (மேசை), எல் ப்ரோப்லேமா (சிக்கல்), லா மானோ (கை), எல் தியா (நாள்).

படி 4: அன்றாடப் பயிற்சி

வகுப்பு நேரம் போக நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்: வினைச்சொல் 30 நிமிடம், கேட்பது 30, நான்கைந்து வாக்கியம் எழுதித் திருத்துவது 30. கேட்க ஸ்பெயினின் அரசு வானொலி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அகராதிக்கு, 1713இல் தொடங்கிய ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் இணைய அகராதி போதும். அதில் வினைத்திரிபு அட்டவணையும் உண்டு.

படி 5: டெலே சான்றிதழ்

பட்டத்தோடு, ஸ்பானிய மொழித்திறனைச் சோதித்துத் தரும் டெலே சான்றிதழும் இருந்தால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் நிலையை எளிதாகக் காட்டலாம். இந்தத் தேர்வை நடத்துவது ஸ்பெயின் அரசின் செர்வாந்தேஸ் நிறுவனம், டெல்லியிலும் அதற்குக் கிளை உண்டு. சான்றிதழ் காலாவதி ஆகாது. முதலாண்டு முடிவில் ஏ2 (அடிப்படை நிலை), மூன்றாமாண்டில் பி2 (உயர் இடைநிலை) என்று இலக்கு வையுங்கள்.

இந்த இரண்டு நிலைகளிலும் நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்பதும் பேசுவதும் இன்னொன்று. ஒவ்வொரு தொகுதியிலும் 50க்கு 30 எடுத்தாக வேண்டும். முதலாவதில் 45, இரண்டாவதில் 28 என்றால் கூட்டுத்தொகை 73 ஆனாலும் தேர்ச்சி இல்லை. புத்தகத்தை மட்டும் படித்தவர்கள் விழும் இடம் இதுதான். தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே வாரத்துக்கு இரண்டு பழைய ஒலிப்பதிவுத் தாள்களை நேரம் வைத்துச் செய்யுங்கள். விடை தவறிய இடத்தை எழுத்து வடிவத்தில் பார்க்கும் முன் மூன்று முறை மீண்டும் கேளுங்கள்.