முதல் மனிதன் கதையை வகுப்பில் எப்படிச் சொல்வது?

"முதல் மனுஷன் யாரு மிஸ்?" நூலகப் பீரியடில் வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். முன்பெல்லாம் அறிவியல் மிஸ்ஸிடம் போய்க் கேள் என்று தள்ளிவிடுவேன். இப்போது மதுரையில் என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40 நிமிடத்தில் இப்படித்தான் சொல்கிறேன்.

முந்தின நாளே ஓர் உருண்டை ஈரக் களிமண்ணும் சுட்ட அகல் விளக்கு ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் மண்ணால் உருவாக்கி மூக்கில் கடவுள் மூச்சை ஊதினார் என்று பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் சொல்லும் இடத்தில் ஈர உருண்டையைக் கைமாற்றி விடுங்கள். குர்ஆனுக்கு வரும்போது அகலைச் சுண்டுங்கள். ஓசை தரும் களிமண், மண்பாண்டம் போன்றது என்று அதில் வருகிறது. அந்த 'டிங்' சத்தத்தைப் பிள்ளைகள் மறப்பதே இல்லை.

மூல நூலைத் திறந்து பார்க்காமல் வகுப்புக்குப் போகாதீர்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஏவாள் ஆப்பிளைப் பறித்தாள் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். மறுநாள் ஒரு பெண் பைபிளோடு வந்து நின்றாள். "ஆப்பிள்னே இல்லையே மிஸ்." இல்லைதான். வெறும் கனி என்றுதான் இருக்கிறது. பெயரோடு வருவது அத்தி, அதுவும் இலைதான்.

ஆதாம், ஏவாள் என்பது கிறிஸ்தவப் பிள்ளைகளின் வழக்கு. முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஆதம் நபி, ஹவ்வா. ஒரே கதைதானே என்று கலந்துவிடாதீர்கள். குர்ஆனில் ஷைத்தான் இருவரையுமே வழி தவறச் செய்கிறான். பழி அவள் தலையில் மட்டும் விழவில்லை. ஆதம் மன்னிப்புக் கேட்கிறார், இறைவன் ஏற்கிறான், அதோடு சரி. கிறிஸ்தவத்தில், விலக்கிய கனியைத் தின்ற அந்த மீறல் மனிதகுலம் முழுவதையும் தொடர்கிறது. அதனால்தான் அப்போஸ்தலர் பவுல் இயேசுவைப் 'பிந்தின ஆதாம்' என்கிறார். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா வேறொன்று கேட்கிறது: ஏன் ஒரே ஒருவனைப் படைக்க வேண்டும்? 'எங்கப்பா உங்கப்பாவைவிடப் பெரியவர்' என்று யாரும் பீற்றிக்கொள்ளக் கூடாதாம். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த பதில் இதுதான்.

இந்து மரபுக்கு வந்தால் 'முதல்' என்ற சொல்லே ஆட்டம் காணும். மனு என்றால் மனிதகுலத்தின் மூதாதை. கல்பம் என்னும் ஒரு நெடுங்காலத்துக்கு 14 மனுக்கள்; இப்போது நடப்பது ஏழாமவரான வைவஸ்வத மனுவின் காலம். பெயர்களை ஒப்பிக்காதீர்கள், தூங்கிவிடுவார்கள். மீனைச் சொல்லுங்கள். பாகவதத்தில், திராவிட தேசத்து அரசன் சத்தியவிரதன் கிருதமாலை ஆற்றில் நீரை அள்ளுகிறான். கைக்குள் ஒரு குட்டி மீன். பிரளயத்தில் அதுதான் அவனைக் காப்பாற்றுகிறது, அவனே இந்த வைவஸ்வத மனு ஆகிறான். அந்தக் கிருதமாலை நம் ஊர் கிருதுமால்தான் என்று மதுரையில் சொல்வார்கள். "அந்தச் சாக்கடையா மிஸ்?" ஆமாம், அதேதான்.

பௌத்தத்தில் முதல் மனிதன் என்று ஒருவரைத் தேடாதீர்கள். அக்கஞ்ஞ சுத்தம் என்ற புத்தரின் உரையில், ஒளியுடல் கொண்ட உயிர்கள் வானில் மிதக்கின்றன. நீரின் மேல், சூடான பால் ஆறும்போது ஏடு படிவதுபோல மண் படிகிறது. ஆசை தாங்காத ஒன்று விரலால் தொட்டு நக்கிப் பார்க்கிறது. தேன் மாதிரி இனிப்பு! மற்றவையும் பார்த்துத் தின்ன, ஒளி மங்கி உடல் தடிக்கிறது. டம்ளரில் பால் கொண்டுபோய் ஏட்டைக் காட்டினால் இன்னும் நல்லது. சமணத்தில் உலகுக்குத் தொடக்கமே கிடையாது. ரிஷபர் முதல் மனிதர் அல்ல, இந்தக் காலச் சுழற்சியில் வழிகாட்ட வந்த முதல் அருகர், அதாவது முதல் தீர்த்தங்கரர்.

எது நிஜம் என்று கேட்டால் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. இந்தக் கதை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று அவர்களையே திருப்பிக் கேட்பேன். ஏன் சாகிறோம், ஏன் ஆசைப்படுகிறோம் என்று சரியாகவே பிடிப்பார்கள்.

ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததா என்று எவனாவது ஒருவன் கட்டாயம் கேட்பான். சிரித்து மழுப்பாதீர்கள். வாடிகனில் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மைக்கேலாஞ்சலோ வரைந்த ஆதாமின் படத்தைக் கையோடு வைத்திருங்கள். தொப்புளோடுதான் வரைந்திருக்கிறார். அதை அவர்கள் முண்டியடித்துப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும்.