டி.எஃப்.ஐ.ஜி. காற்றாலையில் கார்பன் பிரஷ் மாற்றுவது எப்படி: ஸ்லிப் ரிங் அறையைத் திறப்பதிலிருந்து மறுபடி ஓட்டுவது வரை

பிரஷ் மாற்றுவது பத்து நிமிட வேலை என்று நினைத்து ஏறுகிறவர்கள்தான் அடுத்த மாதமும் அதே டவரில் ஏறுகிறார்கள். பழையதை உருவிப் புதியதைச் சொருகி மூடியைப் பூட்டப் பத்து நிமிடம் போதும்தான். ஆனால் அது ஏன் அவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்று பார்க்காமல் இறங்கினால் புதிய செட்டும் அதே கதிக்குத்தான் ஆளாகும். ஸ்லிப் ரிங்கின் (ரோட்டரோடு சுழலும், பிரஷ் உரசி மின்சாரம் கடத்தும் வளையம்) மேற்பரப்பையும் அறைக்குள் படிந்த கரித்தூளையும் பார்த்துவிட்டுத்தான் பிரஷ்ஷில் கை வைக்க வேண்டும். வேலையின் வரிசையே அதுதான்.

டி.எஃப்.ஐ.ஜி. என்பது ஸ்டேட்டர், ரோட்டர் இரண்டின் வழியாகவும் மின்சாரம் போய்வரும் ஜெனரேட்டர். இங்கே எடுத்துக்கொள்வது 690 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 4 துருவ, 2 மெகாவாட் வகை இயந்திரம். உங்கள் இயந்திரத்தின் கையேடு வேறு எண் சொன்னால் கையேட்டைத்தான் பின்பற்ற வேண்டும். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: மே மாதம் காற்று சீசன் தொடங்குமுன் இதை முடித்துவிட வேண்டும்.

ஏறுமுன் ஒரு கணக்கு

ஸ்டேட்டர் (சுழலாத சுருள்) நேராக கிரிடில் இருக்கிறது. ரோட்டர் (சுழலும் சுருள்) மட்டும் ஸ்லிப் ரிங், பிரஷ், கன்வர்ட்டர் (அலைவெண்ணை மாற்றும் மின்னணுக் கருவி) வழியாகப் போகிறது. ஒத்திசைவு வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று. 1800-இல் ஓடும்போது ஸ்லிப் (ஒத்திசைவு வேகத்திலிருந்து விலகும் விகிதம்) மைனஸ் 0.2, ரோட்டரில் 10 ஹெர்ட்ஸ். இழப்புகளை விட்டுவிட்டால் 2 மெகாவாட்டில் 1.67 ஸ்டேட்டர் வழியாகவும் 0.33 ரோட்டர் வழியாகவும் வெளியே வரும். 1200-இல் ரோட்டர் மின்சாரத்தை உள்ளே வாங்கும்.

1500-ஐ ஒட்டி ஓடும்போது என்ன ஆகிறது என்பதைக் கவனியுங்கள். ரோட்டர் அலைவெண் பூஜ்யத்தை நெருங்குகிறது, கிட்டத்தட்ட டி.சி. மாதிரி. ஏதோ ஒரு ஃபேஸின் பிரஷ்கள் உச்ச மின்னோட்டத்தை வெகுநேரம் தாங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எடுத்த வெப்பப் படத்தில் ஒரு ரிங் மட்டும் சூடாகத் தெரிந்தால் உடனே பிரஷ்ஷைக் குறை சொல்லாதீர்கள். வேறு வேகத்திலும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது மின்னோட்ட அடர்த்தி. ரோட்டரில் 450 ஆம்பியர், ஒரு ஃபேஸுக்கு 40 × 20 மி.மீ. பிரஷ் ஆறு என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பு 48 ச.செ.மீ., சதுர செ.மீ.க்கு 9.4 ஆம்பியர் வரும். ஆறில் இரண்டு சரியாகத் தொடவில்லை என்றால் மற்ற நான்கும் 14 ஆம்பியர் தாங்க வேண்டும். தேய்மானம் ஏன் ஒரே ஃபேஸில் திடீரென்று எகிறுகிறது என்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் காரணம்.

ஒரு இடைச்செருகல்: ஸ்லிப் ரிங் இருப்பதெல்லாம் டி.எஃப்.ஐ.ஜி. இல்லை. ரோட்டரில் வெளி மின்தடையைச் சேர்த்து ஸ்லிப்பைக் கட்டுப்படுத்தும் இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிரஷ் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் கிரேடு (கார்பன் கலவையின் வகை) வேறாக இருக்கும். பாகத்தின் எண்ணைப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள்.

படி 1: மின்சாரத்தைத் துண்டித்தல்

இயந்திரத்தை நிறுத்தி, பிளேடு பக்கத்து ரோட்டர் லாக் பின்னைப் போட்டு, 690 வோல்ட் பிரேக்கரைத் திறந்து பூட்டும் டேக்கும் போடுங்கள். கையேடு சொல்லும் காற்று வேக வரம்புக்கு மேல் லாக் போடக் கூடாது. கன்வர்ட்டரின் டி.சி. கெப்பாசிட்டர்கள் 1000 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். பேனலில் ஒட்டியிருக்கும் காத்திருப்பு நேரம் முடிந்த பிறகும் மல்டிமீட்டரில் அளந்து பார்த்தால்தான் நம்பலாம்.

பலர் தவறவிடுவது ஜெனரேட்டரின் ஈரம் போக்கும் ஹீட்டரை. இதற்குத் துணை சப்ளையிலிருந்து மின்சாரம் வருவதால் பிரதான பிரேக்கர் திறந்திருந்தாலும் டெர்மினல் பாக்ஸில் 230 வோல்ட் இருக்கும். இயந்திரம் நின்றால்தான் ஹீட்டரே ஆன் ஆகும். அதாவது நீங்கள் கையை விடும் நேரம் பார்த்து ஆன் ஆகும். அதன் எம்.சி.பி.யையும் (சிறு பிரேக்கர்) தனியாகப் பூட்டுங்கள்.

படி 2: தொடாமல் பாருங்கள்

மூடியைக் கழற்றியதும் எதையும் துடைக்காமல் கைபேசியில் படம் எடுங்கள். ரிங் முழுக்கச் சீரான பழுப்பு நிறம் இருந்தால் நல்ல படலம், அதை மெருகேற்றிக் கெடுக்காதீர்கள். செம்பு மாதிரிப் பளபளப்பு, வட்டமாக ஓடும் கோடுகள், கரும்புள்ளிகள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பிரஷ்ஷின் பின்னல் கம்பியைப் பாருங்கள். ஆறு கம்பிகளில் ஒன்று மட்டும் நீலம் பூத்து, தொட்டால் முறுக்கு விட்டு நொறுங்கினால், அந்தப் பிரஷ் மற்றவற்றின் சுமையையும் சேர்த்துச் சுமந்திருக்கிறது. குற்றவாளி அது இல்லை. புத்தம் புதிதாக, நீளம் குறையாமல் இருக்கும் பக்கத்துப் பிரஷ்தான். அது ஹோல்டரில் சிக்கி ரிங்கைத் தொடாமலே நின்றிருக்கும்.

படி 3: தூசு

பி2 தரமுள்ள முகமூடி இல்லாமல் இதைத் தொடாதீர்கள். கம்ப்ரசர் காற்று அடிக்கவே கூடாது. அறையில் இருக்கும் தூளை வைண்டிங்குக்குள் அனுப்பி வைப்பதற்குச் சமம் அது. நிலைமின் தடுப்புக் குழாயும் ஹெப்பா ஃபில்டரும் உள்ள சிறு வேக்வம் கிளீனர், நைலான் தூரிகை, பஞ்சு உதிராத துணி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இவை போதும். துருநீக்கி ஸ்பிரேயை எடுத்து வராதீர்கள். எண்ணெய் பட்ட இடத்தில் கரித்தூள் பசை போட்டது போல் ஒட்டிக்கொள்ளும்.

ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் காப்பு வளையங்கள், பிரஷ் தண்டின் (ஹோல்டர்களைத் தாங்கும் கம்பி) காப்புக் குழாய்கள், அறையின் அடிப்பக்க மூலைகள் மூன்றையும் விடாதீர்கள். ஃபேஸுக்கு ஃபேஸ் தீப்பொறி பாய்வது இந்த இடங்களில்தான். காற்றை வெளியேற்றும் ஃபில்டர் அடைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். அது அடைபட்டால் எவ்வளவு துடைத்தாலும் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும்.

படி 4: மெகர் (காப்புத்தடை அளவீடு)

இந்தப் படியில்தான் தப்பான ரீடிங் வந்து ஏமாற்றும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கன்வர்ட்டருக்குப் போகும் ரோட்டர் கேபிள்களைக் கழற்றுங்கள். என்கோடர் (சுழல் வேகம் அளக்கும் கருவி) கேபிளையும் கழற்றுங்கள். கன்வர்ட்டரை இணைத்து வைத்துக்கொண்டு 1000 வோல்ட் கொடுத்தால் ரீடிங்கும் பொய், கன்வர்ட்டரின் மின்னணு மாடியூலும் போகலாம்.

அடுத்து எர்த் கிளிப்பை எங்கே மாட்டுவது? கைக்கு எட்டும் ஜெனரேட்டர் பிரேமில் மாட்டுவதுதான் வழக்கம். டி.எஃப்.ஐ.ஜி.யில் இது காலை வாரும். ஷாஃப்ட் வழியாக மின்னோட்டம் பாய்ந்து பேரிங் கெடக் கூடாது என்று பேரிங்குகள் மின்காப்போடு வருகின்றன. கியர்பாக்ஸ் பக்கக் கப்ளிங்கும் மின்காப்புள்ளது. எர்த் பிரஷ் (ஷாஃப்ட்டை பிரேமோடு இணைக்கும் பிரஷ்) தேய்ந்திருந்தாலோ தூக்கி வைத்திருந்தாலோ ஷாஃப்ட்டுக்கும் பிரேமுக்கும் தொடர்பே இல்லை. பிரேமில் கிளிப் போட்டு ரிங்கை அளந்தால் வைண்டிங்கோடு பேரிங் காப்பும் தொடரில் சேர்ந்துவிடும். அழுக்குப் பிடித்த ரோட்டரும் அருமையான எண் காட்டும்.

சரியான முறை இது. எல்லா பிரஷ்களையும் தூக்கிவிட்டு இரண்டாகப் பிரித்து அளக்க வேண்டும். ரிங்கும் வைண்டிங்கும்: ஒரு முனை ரிங்கில், எர்த் கிளிப் ஷாஃப்ட்டின் சுத்தமான உலோகத்தில். பிரஷ் கியரும் (பிரஷ்களைத் தாங்கும் அமைப்பு) கேபிளும்: ஒரு முனை பிரஷ் தண்டில், எர்த் கிளிப் பிரேமில். இதில் மூன்று ஃபேஸையும் தனித்தனியாக அளங்கள். ரோட்டர் சுருள் உள்ளேயே ஸ்டாரில் சேர்ந்திருப்பதால் முதல் அளவுக்கு ஒரு ரிங் போதும். மூன்றிலும் ஒரே எண்தான் வரும்.

எந்த எண் போதும்? ஐ.இ.இ.இ. 43 தரநிலைப்படி 40 டிகிரி செல்சியஸில், 1 கிலோவோல்ட்டுக்குக் குறைந்த சுருள்களுக்கும் ராண்டம் (வரிசையின்றிச் சுற்றிய) சுருள்களுக்கும் 5 மெகாஓம், 1970-க்குப் பிந்தைய ஃபார்ம் (முன்பே வடிவம் கொடுத்த) சுருள்களுக்கு 100 மெகாஓம் குறைந்தபட்சம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் காப்புத்தடை ஏறக்குறையப் பாதியாகும். எனவே வைண்டிங் வெப்பத்தையும் பக்கத்தில் எழுதாத மெகர் ரீடிங்குக்கு மதிப்பில்லை. பிரஷ் கியர் பக்கம் மட்டும் குறைவாக இருந்தால் படி 3-க்குத் திரும்புங்கள். ரிங் பக்கம் குறைந்து, துடைத்தும் ஏறவில்லை என்றால் ஈரமாக இருக்கலாம். ஒரு இரவு ஹீட்டரை ஓடவிட்டு மறுநாள் அளந்து பாருங்கள்.

அளந்து முடித்ததும் ரிங்கை ஷாஃப்ட்டோடு தொடுத்து மின்னேற்றத்தை இறக்கிவிடுங்கள்.

படி 5: ஸ்பிரிங்கும் ஹோல்டரும்

அழுத்தம் சதுர செ.மீ.க்குச் சுமார் 200 கிராம் வேண்டும். 8 ச.செ.மீ. பிரஷ்ஷுக்கு 1.6 கிலோ. பிரஷ்ஷுக்கும் ரிங்குக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து, ஸ்பிரிங்கை ஸ்பிரிங் பேலன்ஸால் பிரஷ்ஷின் நேர்கோட்டில் இழுங்கள். காகிதம் தானாக வழுக்கி வரும் நொடியில் உள்ள எண்தான் கணக்கு. டிஜிட்டல் தராசைவிடப் பழைய முள் வைத்ததுதான் இதற்கு நல்லது. அந்த நொடி கண்ணுக்குத் தெரியும். ஒரே ரிங்கில் 10 சதவீதத்துக்கு மேல் விலகும் ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள்.

ஹோல்டரின் அடிக்கும் ரிங்குக்கும் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி. பிரஷ் தன் எடையிலேயே ஹோல்டரில் ஏறி இறங்க வேண்டும். பிடித்தால் உள்ளே படிந்த தூளைச் சுரண்டி எடுங்கள். பிரஷ்ஷை உரசிச் சிறியதாக்காதீர்கள்.

படி 6: புதிய பிரஷ்ஷைப் படிய வைத்தல்

ஒரு ரிங்கில் ஒரே கிரேடு, ஒரே தயாரிப்பு. கலந்து போட்டால் மின்தடை குறைந்தது பேராசை பிடித்த மாதிரி மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். ஒன்று தேய்மான எல்லையைத் தொட்டிருந்தால் அந்த ரிங்கில் உள்ள எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே என் கட்சி. பிரஷ் விலையைவிட மறுபடி ஏறும் செலவு அதிகம்.

வளைவு வெட்டி வந்த பிரஷ்ஷாக இருந்தாலும் படிய வைக்காமல் விடாதீர்கள். கண்ணாடித்தூள் ஒட்டிய உரசுதாள், 80 கிரிட், பிறகு 150. எமரி வேண்டாம், அதன் துகள் பிரஷ்ஷில் பதிந்து ரிங்கைக் கீறும். லாக் பின் இருப்பதால் ஷாஃப்ட் சுற்றாது. ரிங்கின் அகலத்துக்கு வெட்டிய தாளை, சொரசொரப்புப் பக்கம் பிரஷ்ஷைப் பார்க்க, ரிங்கை ஒட்டியே இழுங்கள். தாளின் நுனியை மேலே தூக்கி இழுத்தால் பிரஷ்ஷின் ஓரம் உருண்டுவிடும். கடைசிச் சில இழுப்புகள் சுழலும் திசையில் மட்டும். திரும்பும்போது பிரஷ்ஷைத் தூக்கிக்கொள்ளுங்கள். முகத்தில் 80 சதவீதம் கீறல் தெரிந்தால் போதும். மறுபடி வேக்வம், மறுபடி மெகர்.

எர்த் பிரஷ்ஷை மறந்துவிடாதீர்கள். வெள்ளி கலந்த கிராஃபைட், விலை அதிகம் என்று ஃபேஸ் பிரஷ்ஷை அங்கே போடும் பழக்கம் உண்டு. தொடுதடை கூடும்; கன்வர்ட்டரின் உயர் அலைவெண் மின்னோட்டம் பேரிங் வழியாக வழி தேடும்; பேரிங் பாதையில் துணி துவைக்கும் கல்லைப் போல வரிவரியாகப் பள்ளம் விழும்.

படி 7: ஓட்டிப் பார்த்தல்

கேபிள், என்கோடர், தேய்மான மைக்ரோ சுவிட்ச், ஹீட்டர் எம்.சி.பி. எல்லாம் பழைய நிலைக்கு வந்ததைச் சரிபாருங்கள். கூடுமானால் மிதமான காற்றில் குறைந்த லோடில் சில மணி நேரம் ஓடட்டும். ஸ்காடாவில் (கண்காணிப்புக் கணினியில்) மூன்று ரோட்டர் ஃபேஸ் மின்னோட்டமும் ஸ்லிப் ரிங் அறையின் வெப்பமும் பார்க்க வேண்டியவை. புதிய பிரஷ் முதல் நாட்களில் அதிகம் தூள் விடும். அதனால் ஓரிரு வாரத்தில் ஒருமுறை திறந்து வேக்வம் பண்ணுவது வீண் வேலை இல்லை.

பின்சேர்க்கை

எல்லாம் சரியாகச் செய்தும் பிரஷ் வேகமாகத் தேய்கிறது என்பது அடிக்கடி வரும் கேள்வி. மூடியின் ஓரத்தை எதை வைத்து அடைத்தீர்கள் என்று பாருங்கள். சிலிக்கோன் சீலன்ட் என்றால் அதுவே காரணமாக இருக்கலாம். மூடிய அறைக்குள் அதன் ஆவி கொஞ்சம் இருந்தாலும் தேய்மானம் பல மடங்காகும். சுரண்டி எடுத்துவிட்டு ரப்பர் கேஸ்கெட் போடுங்கள்.

இன்னொன்று, ரிங்கில் பிரஷ் அளவுக்கே கட்டம் கட்டமாகக் கறை. அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் இயந்திரம் நாள்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால், பிரஷ் தொட்ட இடத்தில் அரிப்பு ஏற்பட்டு இந்த அச்சு விழும். சீசன் தொடங்கியதும் ஒவ்வொரு சுற்றிலும் பிரஷ் அந்த இடத்தில் துள்ளும். நீண்ட நிறுத்தத்துக்கு முன் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, முடிந்தால் பிரஷ்களைத் தூக்கி வையுங்கள். அச்சு ஏற்கெனவே விழுந்திருந்தால் டயல் கேஜ் வைத்து அளங்கள். ரிங்கின் ஓட்டம் (சுழலும்போது வட்டத்திலிருந்து விலகும் அளவு) 0.05 மி.மீ.க்கு மேல் போனால் கையால் தேய்ப்பதில் பயன் இல்லை. ரிங்கை இடத்திலேயே கடைவதற்கு ஆள் கூப்பிட வேண்டியதுதான்.