கொழும்பில் வேலை தேடும்போது எந்தச் சொல்லைத் தட்டுவது?

வெள்ளவத்தையில் ஒரு அறையைப் பிடித்து, பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அன்றிரவே போனில் "கொழும்பில் வேலை" என்று தேடுவதுதான் வந்தவர்கள் எல்லோரும் செய்கிற முதல் காரியம். நானும் அதைத்தான் செய்தேன். வந்து விழுந்ததெல்லாம் "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, தினமும் சம்பளம்" என்ற ரகம். அதைத் திறக்கவே வேண்டாம். வேலை கொடுக்க முன்னமே பதிவுக்கட்டணம் கேட்கிறவன் உங்களுக்கு வேலை தரப்போவதில்லை.

பிரச்சினை என்னவென்றால், ஒரு வேலைக்கு நாம் சொல்லும் பெயர் ஒன்று, இங்குள்ள கொம்பனிகள் வைத்திருக்கும் பெயர் இன்னொன்று. ஊரில் ஒரு கடைக்கு ஐந்து வருஷம் கணக்கு எழுதியவர் "அக்கவுண்டன்ட்" என்று தேடுவார். இங்கே அந்தப் பெயரில் வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் சாட்டட் அல்லது சிமா என்ற கணக்கியல் தொழில்முறைப் பரீட்சைகள் படித்தவரைத்தான் கேட்கும், இவர் அதைப் பார்த்து மனம் விட்டுப்போவார். அவருக்கான வேலையோ "அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட்", "அக்கவுண்ட்ஸ் எக்செகியூட்டிவ்", "புக்கீப்பர்", "ஃபினான்ஸ் ட்ரெய்னி" என்று நாலு பெயரில் ஒளிந்திருக்கும். அதனால் முதல் இரண்டு நாளும் எதற்கும் விண்ணப்பிக்காதீர்கள். உங்கள் துறையில் ஒரு இருபது விளம்பரத்தை வாசித்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு தேடுவதும் சீவி (சுயவிவரம்) எழுதுவதும் அந்தச் சொற்களை வைத்துத்தான்.

டொப்ஜொப்ஸ் என்ற வேலை விளம்பரத் தளத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அங்கே நிறைய விளம்பரங்கள் போஸ்டர் மாதிரிப் படமாகவே போடப்பட்டிருக்கும், படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடலில் சிக்காது. "குவிக்புக்ஸ்" (கணக்கு எழுதும் மென்பொருள்) என்று தட்டி ஒன்றும் வரவில்லை என்பதற்காக வேலையே இல்லை என்று நினைக்காதீர்கள். அங்கே பதவிப் பெயரில் ஒரு சொல்லை மட்டும் தட்டுங்கள், இல்லாவிட்டால் துறையைத் திறந்து வரிசையாகப் பாருங்கள். லிங்க்ட்இன் வேறு மாதிரி. அங்கே ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். இரண்டு சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டால் சேர்ந்தே தேடும், நடுவில் பெரிய எழுத்தில் "ஓர்" (OR) போட்டால் இரண்டில் எது இருந்தாலும் கொண்டுவரும், "நொட்" (NOT) போட்டால் வேண்டாததைக் கழித்துவிடும். சீனியர், மனேஜர் இரண்டையும் கழித்துப் பாருங்கள், பட்டியல் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும்.

இடமும் ஒரு தேடற்சொல்தான். கொழும்பு என்று மட்டும் போட்டால் ராஜகிரிய, பத்தரமுல்ல, நாவல, வத்தளைப் பக்கம் இருப்பவை தப்பிவிடலாம். வெள்ளவத்தைக்காரருக்கு இன்னொன்று: தெஹிவளையையும் மொரட்டுவையையும் தட்டிப் பாருங்கள். 100, 101 பஸ்கள் காலி வீதியால்தான் போகின்றன, காலையில் எல்லோரும் கோட்டைப் பக்கம் நெரிபட நீங்கள் எதிர்ப்பக்கமாக சீட்டில் இருந்துகொண்டே போகலாம்.

அப்புறம், நாம் மறந்துபோகும் சொல் ஒன்று இருக்கிறது: "தமிழ்". ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் தட்டுங்கள். இன்ஷூரன்ஸ், கோல் சென்டர், லீசிங் கொம்பனிகள், மொழிபெயர்ப்பு என்று வரும். சீவியிலும் மொழிகள் என்பதைக் கடைசி வரியில் ஒளித்து வைக்காமல் மேலே எழுதுங்கள். மூன்று மொழியும் தெரிந்தால் "ட்ரைலிங்குவல்" என்ற சொல்லையே போடுங்கள். சிங்களம் பேசமட்டும் தெரியும் என்றால் அப்படியே சொல்லுங்கள், நேர்முகத்தில் எப்படியும் தெரிந்துவிடும்.

சீவிக்கு வருவோம். என்னுடைய முதல் சீவி கென்வா என்ற வடிவமைப்புத் தளத்தில் செய்தது, பக்கத்தை இரண்டு நிரலாகப் பிரித்து, நீலப் பட்டை, திறமைக்கு நட்சத்திரம் எல்லாம். நாற்பது இடத்துக்கு அனுப்பியும் ஒரு அழைப்பு இல்லை. ஒரு நாள் அந்த பிடிஎஃபைத் திறந்து எல்லாவற்றையும் கொப்பி பண்ணி நோட்பேடில் போட்டுப் பார்த்தேன். போன் நம்பர் பாடசாலைப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது, நான் வேலை செய்த வருஷங்கள் ரெஃபரியின் (நம்மைப் பற்றிச் சொல்லக்கூடியவர்) பெயருக்குக் கீழே கிடந்தன. தமிழில் எழுதிய என் பெயர் பாமினி எழுத்துரு என்பதால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். பெரிய கொம்பனிகளில் சீவியை முதலில் வாசிப்பது பல நேரம் மென்பொருள்தான், அது பார்த்திருக்கக்கூடியதும் இந்தக் குப்பையைத்தான். ஒரே நிரலாக வேர்டில் எழுதி பிடிஎஃப் ஆக்குங்கள், அனுப்ப முதல் இந்த நோட்பேட் சோதனையைச் செய்யுங்கள்.

சொற்களை ஒரு பெட்டிக்குள் குவிப்பதில் பயனில்லை, செய்த வேலையோடு சேர்த்து எழுத வேண்டும். "கணக்கு வேலைகள் செய்தேன்" என்பதில் பிடிக்க எதுவும் இல்லை. "14 ஊழியர்களுக்கு ஈபிஎஃப், ஈடிஎஃப், மாதாந்த பேங்க் ரிகன்சிலியேஷன், வற் ரிட்டர்ன், எல்லாம் குவிக்புக்ஸில்" என்றால் மெஷினுக்கும் பிடிபடும், மனிதருக்கும் பிடிபடும் (ஈபிஎஃப் ஊழியர் சேமலாப நிதி, ஈடிஎஃப் ஊழியர் நம்பிக்கை நிதி, வற் பெறுமதிசேர் வரி). சுருக்கத்தையும் முழுப்பெயரையும் ஒரு தடவையாவது இரண்டையும் எழுதுங்கள், எதைத் தட்டித் தேடுவார்கள் என்று தெரியாது. எழுதியதைக் கேட்பார்கள் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்: ஈபிஎஃப் போட்டால் சம்பளத்தில் ஊழியர் 8, முதலாளி 12 வீதம், ஈடிஎஃப் முதலாளி மட்டும் 3 வீதம் என்று நாக்கில் இருக்க வேண்டும். வெள்ளை எழுத்தில் விளம்பரத்தையே ஒட்டிவிடும் தந்திரத்தை யாராவது சொல்லித் தந்தால் சிரித்துவிட்டு விடுங்கள், நோட்பேடில் அதுவும் தெரியும்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் சீவியில் ஜிஎஸ்டி என்று எழுதியதோடு விடாதீர்கள், இங்கே வற். பிஎஃப் இங்கே ஈபிஎஃப், பிளஸ் டூ என்பதற்குப் பக்கத்தில் ஏலெவலுக்கு (உயர்தரம்) நிகர் என்று எழுதுங்கள். சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்ய முடியாது, ஆகவே விசா நிலையையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

அரசாங்க வேலைக்கு இந்த வித்தை எதுவும் உதவாது. வெள்ளிக்கிழமைகளில் வரும் வர்த்தமானியை (அரசாங்க அறிவித்தல் இதழ்) தமிழிலேயே வாசித்து, கேட்ட படிவத்தைக் கேட்டபடி நிரப்ப வேண்டியதுதான்.

ஈமெயிலின் தலைப்பில் பதவிப் பெயரை விளம்பரத்தில் உள்ளபடியே போடுங்கள், ஃபைலுக்கும் "சீவி ஃபைனல் 3" என்று இல்லாமல் உங்கள் பெயர். உறவினரல்லாத இரண்டு ரெஃபரி கேட்பார்கள். மாமாவைப் போடாதீர்கள். போடுகிறவரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். என்னுடைய பழைய வாத்தியார் தெரியாத நம்பர் என்று இரண்டு தடவை கட் பண்ணியிருக்கிறார்.