பிளாஸ்மாவில் மருந்தளவு பார்க்கும் முன்: புரதத்தை ஒதுக்கும் முறை

பிளாஸ்மாவை (அணுக்களை நீக்கிய ரத்தத் திரவம்) எல்சி-எம்எஸ் கருவிக்குள், அதாவது கலவையைப் பிரித்து ஒவ்வொன்றையும் நிறையை வைத்து அளக்கும் கருவிக்குள், அப்படியே செலுத்த முடியாது. அதிலுள்ள புரதம் உள்ளே போய்த் திரிந்து பிரிப்புக் குழாயை அடைத்துவிடும். அதை வெளியிலேயே திரிய வைத்து ஒதுக்குவதுதான் இந்த வேலை. பிப்பெட் பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ரத்தத்தை ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள குழாயில் எடுங்கள். ஜெல் உள்ள குழாய் வேண்டாம். சில மருந்துகளை ஜெல் இழுத்துக்கொள்ளும். (உறுப்பு மாற்றியவர்களுக்குத் தரும் டாக்ரோலிமஸ் என்ற மருந்து பெரும்பாலும் சிவப்பணுக்களுக்குள் இருப்பதால் அதற்கு முழு ரத்தம்தான், இந்த முறை அப்படியே சரிப்படாது.)

ரத்தத்திலிருந்து பிரித்து உறைய வைத்த பிளாஸ்மா முழுதாக உருகியதும் கலக்கிவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விடுங்கள். ஃபைப்ரின் (ரத்த உறைவுப் புரதம்) இழை ஒன்று பிப்பெட் முனையில் சிக்கினாலும் போதும், அளவு குறைந்துவிடும், கண்ணுக்கும் தெரியாது.

100 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா எடுத்து, முதலில் இன்டர்னல் ஸ்டாண்டர்டை (மருந்தோடு ஒப்பிட அளவு தெரிந்து சேர்க்கும் பொருள்) சேருங்கள். அதே மருந்தின் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய வடிவம் கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம். கலக்கிச் சில நிமிடம் விடுங்கள். மருந்தைப் போலவே அதுவும் புரதத்தோடு ஒட்ட நேரம் வேண்டும். இதற்கு அப்புறம் எது வீணானாலும் இரண்டும் சேர்ந்தே குறையும், விகிதம் மாறாது. அசிட்டோநைட்ரைல் (புரதத்தைத் திரிக்கும் கரைப்பான்) ஊற்றிய பிறகு சேர்த்தால், திரிந்த புரதத்துக்குள் மாட்டிய மருந்துக்கு யார் கணக்குச் சொல்வது?

இப்போது குளிர்ந்த அசிட்டோநைட்ரைல் 300 மைக்ரோலிட்டர். சாதாரண பிப்பெட்டில் இது சொட்டிக்கொண்டே இருக்கும். முனைக்குள் ஆவி நிரம்பும்வரை இரண்டு மூன்று முறை உறிஞ்சி வெளியே விட்டால் சொட்டுவது நிற்கும். ஊற்றிய கையோடு வோர்டெக்ஸில் (குழாயை வேகமாக அதிர்த்துக் கலக்கும் கருவி) வையுங்கள். தாமதித்தால் பொடியாக வரவேண்டியது கட்டியாகும், மருந்தும் அதற்குள் சிறைப்படும். மெத்தனாலும் புரதத்தைத் திரிக்கும்தான். ஆனால் அதோடு பாஸ்போலிப்பிடுகள் (ஒருவகைக் கொழுப்புகள்) அதிகம் வந்து மருந்தின் சிக்னலை அமுக்கும், அதனால் என் ஓட்டு அசிட்டோநைட்ரைலுக்கே.

4 டிகிரியில், 12,000 ஜி விசையில் (புவியீர்ப்பைப்போல் 12,000 மடங்கு) 10 நிமிடம் சுற்றுங்கள். அடிவண்டலைத் தொடாமல் மேலிருந்து பாதியை மட்டும் எடுங்கள். பேராசை வேண்டாம்.

பிற்சேர்க்கை: பிரிப்புக் குழாயிலிருந்து சீக்கிரம் வெளிவரும் பீக் (வரைபடத்தில் மருந்து காட்டும் முகடு) அகன்று, சிலருக்கு இரண்டாகப் பிளந்தும் வருவதாகக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் மேலிருந்து எடுத்த தெளிவில் முக்கால் பங்கு அசிட்டோநைட்ரைல். நீர் அதிகமுள்ள மொபைல் ஃபேசில் (பிரிப்புக் குழாய் வழியே ஓடும் கரைப்பான்) அதைச் செலுத்தினால் அப்படித்தான் ஆகும். நீரால் மூன்று மடங்காக்கிச் செலுத்திப் பாருங்கள். அதில் உணர்திறன் போதாவிட்டால் மட்டும் நைட்ரஜனில் உலர்த்தி, தொடக்க மொபைல் ஃபேசில் மறுபடி கரையுங்கள். அளவீட்டுக் கோட்டுக்கான (தெரிந்த அளவுகளை வைத்து வரையும் ஒப்பீட்டுக் கோடு) மாதிரிகளையும் மருந்தில்லாத பிளாஸ்மாவில் தயாரித்து, இதே வழியில்தான் கொண்டுபோக வேண்டும்.