வெல்டிங் ஜெனரேட்டர் மக்கர் பண்ணினால் முதலில் ஹெர்ட்ஸைப் பாருங்கள்

கப்பலூர் பக்கம் ஒரு ஷெட் வேலை. பூம் லிஃப்டில் (ஆளை உயரே தூக்கும் வண்டி) ஹைட்ராலிக்கில், அதாவது பம்பு தள்ளும் ஆயில் பிரஷரில் ஓடும் வெல்டிங் ஜெனரேட்டர் காலையில் நன்றாக இருக்கும். 11 மணியைத் தாண்டினால் வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொள்ளும். ஆளாளுக்கு ஜெனரேட்டரைக் கழற்றச் சொன்னார்கள். மதுரை வெயிலில் அது வீண் வேலை.

லிஃப்டைக் கீழே இறக்கி, 230 வோல்ட் சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜோடு ஹெர்ட்ஸையும் பாருங்கள். ஹெர்ட்ஸ் என்பது ஜெனரேட்டர் சுற்றும் வேகம்தான்; நான்கு போல் (காந்த முனை) என்றால் 1500 ஆர்பிஎம்முக்கு 50. ஹெர்ட்ஸ் சரியாக இருந்து வோல்டேஜ் மட்டும் குறைவா, கோளாறு மின்சாரப் பக்கம்: கார்பன் பிரஷ், ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் போர்டு). ஹெர்ட்ஸே விழுந்தால் ஆயில் பக்கம், அல்லது இன்ஜின் வேகம்.

எங்களுக்குக் காலையில் 51, சூடானதும் 43. சூட்டில் ஆயில் இளகி, பம்புக்கும், ஜெனரேட்டரைச் சுற்றும் ஹைட்ராலிக் மோட்டாருக்கும் உள்ளேயே கசிந்துவிடும். ஆயில் கூலரைப் பார்த்தால் சிமெண்டுத் தூசி அப்பளமாகப் படிந்திருந்தது. ஏர் அடித்ததும் மதியமும் 49-ல் நின்றது.

சுத்தமாகச் சுற்றவே இல்லையா? ஆயிலைத் திறந்துவிடும் வால்வின் சோலனாய்டு (மின்காந்தம்) காயில் நட்டருகே ஸ்க்ரூடிரைவர் நுனியை நீட்டுங்கள். இழுத்தால் கரண்ட் வருகிறது, வால்வு சிக்கியிருக்கலாம்.

அப்புறம், ஆயில் ஓஸில் கசிவு தேட விரலை வைக்காதீர்கள், அட்டையை வையுங்கள். பிரஷர் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.