பலூன் துப்பாக்கிக் குழலில் துருக்குழி எடுப்பது

மழைக்காலம் முடிந்ததும் மெரினாவில் பலூன் சுடும் கடை போடுகிற சிலர் ஏர்கன்களை (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கிகளை) என் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். போன தை மாதம் வந்த ஒன்றில், கை பிடிக்கிற இடம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி. "அண்ணே, பட்டி வெச்சு அடைச்சுக் குடுங்க" என்றார் கடைக்காரர்.

அடைக்கவே கூடாது. குழிக்குள் கடல் உப்பு உட்கார்ந்திருக்கும். மேலே மூடினால் அடியில் அரித்துக்கொண்டே போகும். சுற்றியுள்ள இரும்பைக் குழியின் அடிமட்டத்துக்கு இறக்குவதுதான் வழி. தோட்டா போடுகிற நிஜத் துப்பாக்கியில் இதைச் செய்யாதீர்கள். அங்கே குழல் சுவரின் கனம்தான் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குகிறது. அது லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை.

முதலில் குழலைத் தனியாகக் கழற்றி, மண்ணெண்ணெயும் பித்தளை பிரஷும் கொண்டு துருவை எடுங்கள். அப்புறம் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கிறது. தண்ணீரை மாற்றி இன்னொரு முறை கொதிக்க வைத்தால் இன்னும் நல்லது.

இனி அரம். அதன் பல்லில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் துகள் அடைத்துக் கீறாது. குழலுக்குக் குறுக்காக அரத்தை இரண்டு கையாலும் பிடித்து, நீளவாக்கில் இழுத்து வாருங்கள். குழலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேண்டும், இல்லாவிட்டால் பட்டை விழும். எண் பொறித்த இடத்தைத் தொடாதீர்கள். ஆழமான ஒன்றிரண்டு குழி மிஞ்சினால் விட்டுவிடுங்கள். அதற்காக மொத்தக் குழலையும் மெலிய வைப்பது பாவம். பிறகு மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாள், சொரசொரப்பிலிருந்து நைசுக்கு: 120, 220, 320, 400 நம்பர். பஃப் மெஷினில் (துணிச் சக்கரம் சுழன்று மெருகேற்றும் இயந்திரம்) கொடுத்தால் சீக்கிரம் பளபளக்கும், ஆனால் குழியின் விளிம்பு மழுங்கி, வெயிலில் பார்த்தால் அலை அலையாகத் தெரியும். எனக்கு அது பிடிக்காது.

நிறம் ஏற்ற, சலவை சோடா கரைத்த வெந்நீரில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, குழலின் இரு வாயையும் மரமுளையால் அடையுங்கள். மேலே வினிகரைத் துடைத்து, ஈரமான குளியலறையில் ஒரு நாள் தொங்கவிடுங்கள். செந்துரு மெல்லிசாகப் படரும். அதை அதே பேட்டரித் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்தால் கறுத்துவிடும். உதிர்கிற கரியை எண்ணெய் படாத, மிக மெல்லிய எஃகு நாரால் தேய்த்து எடுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் நல்ல கறுப்பு நிற்கும். கடைசியில் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் பூசினால் சிக்குப் பிடித்துவிடும்.

கடைக்காரரிடம் ஒரு பழைய வேட்டித் துணியும் கொடுத்தனுப்பினேன், ராத்திரி கடை கட்டும்போது துடைக்க.