பாட்டி பாதியில் விட்ட கோதடி: தைப்பதா, சுற்றி வைப்பதா?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில், பழைய வேட்டியில் சுற்றிய மூட்டை ஒன்று பல ஆண்டுகளாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு மராத்திப் பெண்மணியிடம் கற்றுக்கொண்டு பாட்டி தைக்கத் தொடங்கிய கோதடி அது. பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி, நெருக்கமாக நூலோட்டம் போட்டுத் தைக்கும் போர்வைக்கு மகாராஷ்டிரத்தில் அந்தப் பெயர். ஒட்டுத்துணிகளை இணைத்து மேல் அடுக்கை மட்டும் முடித்திருந்தார். உள் அடுக்கும் இல்லை, அடித்துணியும் இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், அவசரப்பட்டு வாளியில் முக்கிவிடாதீர்கள்.

முதலில் பகல் வெளிச்சத்தில் விரித்து, இருபுறமும் படம் எடுங்கள். பிறகு இருவராகச் சேர்ந்து ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். இற்றுப்போன இடங்களில் வெளிச்சம் ஊடுருவும். பின்புறத்தில் தையலுக்கு வெளியே கால் அங்குலத் துணிகூட இல்லாத இடங்கள் பிரிந்துவரும், அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குத்தி வைத்த ஊசி ஏதும் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பாட்டி விட்டுப்போன ஊசி துருப்பிடித்து, மூலையில் பழுப்புக் கறையாக நிற்கிறது.

அடுத்து, என்ன துணி என்று பார்க்க வேண்டும். பின்புறத் தையல் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, முடி கருகும் வாடையோடு நொறுங்கும் கரியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகிவிடும். பாட்டி "அசல் பட்டு" என்று பெருமைப்பட்ட மயில்கழுத்து நிறத் துண்டு எங்கள் கண்முன்னே உருண்டையாகி நின்றது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மூன்றாவது, சாயச் சோதனை. ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் சில நிமிடம் அழுத்திப் பாருங்கள், தேய்க்கக் கூடாது. சிவப்பையும் கருநீலத்தையும் நம்பவே நம்பாதீர்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்ற பேச்சை நம்பி ஒரு மூலையை நனைத்தேன். சிவப்புச் சுங்கடி பக்கத்து வேட்டித் துண்டை இளஞ்சிவப்பாக்கிவிட்டது.

இப்போது முடிவெடுக்கலாம். பட்டு இழைவாக்கில் கிழிகிறதா, சாயம் போகிறதா? துவைக்க வேண்டாம், தைக்க வேண்டாம்; பத்திரப்படுத்துங்கள். பருத்தி உறுதியாக இருந்தால் தைத்து முடித்துப் போர்த்திக்கொள்ளுங்கள் என்பதே என் கட்சி. அது போர்த்தத்தானே தைக்கப்பட்டது! நான்கைந்து துண்டுகள் மட்டும் நைந்திருந்தால் அவற்றின் மேல் வேறு துணி வைத்துத் தைத்துவிடலாம். ஆளுக்கொரு தலையணை உறையாக வெட்டிப் பங்கு போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தைப்பதென்றால் அடித்துணிக்கு மென்மையான பழைய பருத்திச் சேலையே சிறந்தது. ஐந்தரை மீட்டர் சேலையை இரண்டாக வெட்டி, பக்கவாட்டில் இணைத்தால் ஏறத்தாழ 90 அங்குல அகலமும் 108 அங்குல நீளமும் கிடைக்கும். மங்கள்தாஸ் மார்க்கெட்டில் புதுத்துணி வாங்கினால், சுருங்கும் என்பதால் முதலில் நனைத்துக் காயவையுங்கள். மும்பைக் குளிருக்குப் பஞ்சு தேவையில்லை. நடுவில் இன்னொரு சேலை போதும். அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, அதன் மேல் உள் அடுக்கு, அதற்கும் மேல் பாட்டியின் துணி. நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சாண் இடைவெளியில் தற்காலிக நூலோட்டம் போட்டபின், பருத்தி நூலால் நெருக்கித் தைத்துக்கொண்டே போகலாம். ஓரத்தை மடித்துத் தைத்தபின் தற்காலிக நூலை உருவிவிடுங்கள்.

பத்திரப்படுத்துவதென்றால் மடிக்காதீர்கள். அட்டைக் குழாயில் துவைத்த வெள்ளைத் துணி சுற்றி, அதன் மேல் இதைச் சுருட்டுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம்; ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அந்துருண்டை துணியில் படக் கூடாது. மழை ஓய்ந்ததும் நிழலில் உலர்த்தி, மீண்டும் சுருட்டுங்கள்.

எந்தத் துண்டு யாருடைய சேலை என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி, அந்தத் தாளையும் கூடவே வையுங்கள். எங்கள் அத்தை ஏழு துண்டுகளை அடையாளம் காட்டினார். எட்டாவது தன் சேலைதான் என்று பெரியம்மா இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.